திப்பு சுல்தானும் ஒரு டயனோரா டிவியும்

மகாபாரதம் பார்த்த கதையை எல்லோரும் எழுதித் தீர்த்தாயிற்று. தெரு வெறிச்சோடிக் கிடந்தது, டிவிப் பெட்டிக்கு மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள்... போதும். அதே தூர்தர்ஷனில், மாலையும் கற்பூரமும் இல்லாமல் இன்னொரு தொடரும் ஓடியது. வாள், குதிரை, பீரங்கி, கோட்டை, துரோகி என்று ஒரு பத்து வயதுப் பையனுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருந்தன. 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்'.

1990 பிப்ரவரி 25, ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. மொத்தம் 60 பகுதிகள், 1991 வரை. இன்று கல்லூரியில் படிப்பவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டால் முதலில் சொல்வது சஞ்சய் கானின் மீசை. அவர்தான் திப்பு, அவரேதான் தயாரிப்பாளர், இயக்குநர். கதை, பகவான் கித்வானி 1976ல் எழுதிய ஆங்கில நாவல். இசை நௌஷாத். இன்னொரு விசேஷம், ராமாயணத்தில் சீதையாக வந்த தீபிகா இதில் திப்புவின் அம்மா. போன வருஷம் வரை கும்பிட்டுக்கொண்டிருந்த முகம் திடீரென்று முக்காடு போட்டுக்கொண்டு வந்து நின்றதில் தமிழ்நாட்டுப் பாட்டிகள் பலர் கொஞ்சம் ஆடித்தான் போனார்கள்.

வேலூரில் ஒரு பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் வீட்டில் டிவி இல்லை. தெருவில் இரண்டு வீட்டில் இருந்தது. ஒன்று வாத்தியார் வீடு, வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார்கள். இன்னொன்று தெருமுனையில் தோல் வியாபாரம் பார்த்த குடும்பத்தின் வீடு. உருது பேசுகிறவர்கள். அங்கே ஒரு கறுப்பு வெள்ளை டயனோரா, மரச் ஷட்டர் வைத்தது. முன்னால் கோரைப்பாய் விரித்திருக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரே நிபந்தனை, காலைக் கழுவிவிட்டு வர வேண்டும்.

வசனம் முழுக்க உருது வாசனையடிக்கும் ஹிந்தி. தெருப் பையன்களுக்குத் தெரிந்த ஹிந்தி 'அச்சா', 'பஸ்', 'ருக்காவட் கே லியே கேத் ஹை' அவ்வளவுதான். (கடைசியாகச் சொன்னதைத்தான் தூர்தர்ஷன் அடிக்கடி சொல்லிக்கொடுத்தது.) அதனால் அந்த வீட்டுப் பாட்டி மொழிபெயர்ப்பார். நன்னிமா என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். பாக்கு வெட்டிக்கொண்டே, திரையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு தமிழ் வசனம் வந்து விழும்.

"இவன் சொல்றான், ராஜாவே, வெள்ளைக்காரன் பீரங்கிய தள்ளிக்கிட்டு வரான்னு. டிப்பு சொல்றாரு, வரட்டும்டா, வயல்ல சேறு இருக்கு, சிக்கிக்குவான்னு."

பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். திரையில் உதடு அசைவது நின்ற பிறகும் சில சமயம் நன்னிமாவின் வசனம் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுத்தில் வரும். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் இவன் கேட்டான். நன்னிமாவுக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும், ஹிந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனாலும் பாக்குவெட்டியை நிறுத்தாமல் சொன்னார்:

"சத்தம் போடாம பாக்கணும்னு போட்டிருக்கு பேட்டா."

பல மாதம் அவன் அதை நம்பினான். அந்த அறிவிப்பு வந்ததும் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பவனை முழங்கையால் இடிப்பான்.

உண்மையில் அது வேறு சங்கதி. தொடரை ஒளிபரப்பக்கூடாது என்று வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தார்கள். காட்டப்படும் சம்பவங்கள் உண்மை என்று உரிமை கோரவில்லை, இது ஒரு நாவலின் நாடக வடிவம், கற்பனை என்பதுதான் அந்த அறிவிப்பின் சாரம். ஒரு வரலாற்றுத் தொடர் வாராவாரம் 'இது வரலாறு இல்லை' என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தது. அப்படிச் சொன்னதை அந்தப் பாயில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

தொடர் முடிந்த கையோடு பையன்கள் கோட்டை மைதானத்துக்கு ஓடுவார்கள். தென்னை மட்டைதான் வாள். திப்புவாக இருப்பதற்கு அடிதடி நடக்கும். வெள்ளைக்காரனாக இருக்க யாரும் வரமாட்டார்கள், கடைசியில் வயதில் சின்னவன் தலையில் அது விழும். அதைவிட மோசம் மீர் சாதிக். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காலை வாரிவிட்ட மந்திரி. அந்த வருஷம் முழுக்க அந்தத் தெருவில் கோலிக்குண்டைத் திருடியவன், வாத்தியாரிடம் போட்டுக்கொடுத்தவன், ரன் அவுட் ஆக்கிவிட்டவன் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்.

விளையாடிய இடம் எது என்பதுதான் வேடிக்கை. 1780ல் ஹைதர் அலி முற்றுகை போட்ட கோட்டை அது. அதே வருஷம் செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் (ஆங்கிலேயர்கள் பொள்ளிலூர் என்று எழுதுவார்கள்) கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கினார்கள். அந்தச் சண்டையை ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். இரும்புக் குழாயில் மருந்தடைத்த மைசூர் ராக்கெட்டுகள் அந்தச் சண்டையில் வெள்ளைக்காரனின் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்தின என்பார்கள். அமெரிக்காவில் நாசாவின் வாலப்ஸ் மையத்துக்குப் போன அப்துல் கலாம் அங்கே திப்புவின் ராக்கெட் படை ஓவியத்தைப் பார்த்ததை எழுதியிருக்கிறாரே, அந்த ராக்கெட்டுகள்தான். பள்ளிப் பாடத்தில் இதற்கெல்லாம் இரண்டு வரிதான். மைதானத்தில் மட்டை சுழற்றியவர்களுக்கு அந்த இரண்டு வரியும் தெரியாது.

தொடரில் 1792 வந்தது. சண்டையில் தோற்ற திப்பு பாதி ராஜ்ஜியத்தையும் கோடிக்கணக்கில் பணத்தையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, பணம் கட்டி முடிக்கும்வரை தன் இரண்டு பையன்களைக் கார்ன்வாலிஸிடம் பணயமாக அனுப்ப வேண்டும். பெரியவனுக்கே பத்து வயதுக்குப் பக்கம்தான். பாயில் உட்கார்ந்திருந்தவர்களும் அதே வயது. நன்னிமா அன்று பாக்கு வெட்டவில்லை.

"புள்ளைங்ககிட்ட சொல்றாரு, அங்க போயி அழாதீங்க. அழுதா நம்ம ஆளுங்களுக்கு வெக்கம். ராத்திரி ரொம்ப அழுகை வந்தா போர்வைக்குள்ள அழுங்க, அது அல்லாவுக்கு மட்டும் கேக்கும்."

இவன் போர்வைக்குள் அழுதது அன்று ராத்திரி.

கடைசிப் பகுதியில் கோட்டைச் சுவர் உடைந்து, திப்பு விழுந்து, எல்லாம் முடிந்தது. 1799 மே 4. பையன்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார்கள். நன்னிமா ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, "கதை எங்கடா முடிஞ்சிச்சி? அவங்க வீட்டு ஆளுங்கள எல்லாம் நம்ம ஊருக்குத்தானே கொண்டாந்தாங்க" என்றார். அந்தச் சனிக்கிழமை நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார். கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, திப்பு குடும்பத்தாரின் சமாதிகள் இருக்கும் இடம். கறுப்புக் கல், சில குவிமாடங்கள், ஓரத்தில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. "மெதுவா நட, தூங்குறாங்க" என்றார்.

நன்னிமா சொன்னதில் இந்த ஒரு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. திப்பு இறந்ததும் அவர் குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். விடிவதற்குள், 10ஆம் தேதி, சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். தாடி வைக்காதே, நெற்றியில் குறி இடாதே, தோல் பட்டையிட்ட புதுத் தொப்பியைப் போடு என்ற உத்தரவுகள்தான் உடனடிக் காரணம். கோட்டையில் மைசூரின் புலிக்கோட்டுக் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் அன்றைக்கே எல்லாம் ரத்தத்தில் முடிந்தது. பிறகு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தர்மதலாவில் இருக்கும் திப்பு சுல்தான் மசூதி, கடைசி மகன் குலாம் முகமது 1842ல் கட்டியது. அறுபது வாரம் ஓடிய தொடர், வேலூர் தொடங்கும் இடத்தில் முடிந்துபோயிற்று.

பையன் வளர்ந்தான். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. சாமியானா, நாற்காலி, லைட் எல்லாம் வாடகைக்கு விடும் ஒரு சப்ளையர்ஸில் சேர்ந்தான். சீரியல் பைத்தியமாக இருந்தவன் சீரியல் செட் கட்டப் போனான் என்று வீட்டில் கிண்டல். கல்யாண வீட்டு வாசலில் மயில், யானை, வெல்கம் என்று பல்பு மாலை கட்டுவதில் கில்லாடி ஆனான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நிக்காஹ் வீடுகளில் வேலை பார்த்துப் பார்த்து உருதுவும் ஒட்டிக்கொண்டது. நன்னிமா 1990களின் கடைசியில் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டுப் பேரன் கல்யாணத்துக்கு லைட் போட்டதற்கு இவன் காசு வாங்கவில்லை.

2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. வீடியோ லைட்டின் வயரில் வந்த பொறி. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் பந்தல் லைட் கட்டும் எவனும் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டான். இவனுடைய முதலாளி கீற்றுக் கொட்டகை ஆர்டர் வாங்குவதையே நிறுத்தினார். இவன் பழைய வயர்களையெல்லாம் கொட்டி, ஒட்டுப்போட்டதை எல்லாம் வெட்டிப் போட்டான். அதற்குப் பிறகு ஜாயின்ட் பார்க்காமல் மெயின் போட்டதில்லை.

2020 ஊரடங்கு. கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை, லைட் செட் எல்லாம் குடோனில் தூங்கின. தூர்தர்ஷன் ராமாயணத்தை மறுபடி போட்டது. எல்லோரும் பழசைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் யூடியூபில் திப்புவைத் தேடினான். கிடைத்தது. கலரில்! அத்தனை வருஷம் கறுப்பு வெள்ளையாகவே மனசில் இருந்த தலைப்பாகை இப்படி ஒரு நிறமா என்று அதிலேயே கொஞ்ச நேரம் போனது.

மற்றபடி ஏமாற்றம்தான், ஒளிப்பானேன். குதிரைகள் இடமிருந்து வலமாக ஓடி, அதே குதிரைகள் வலமிருந்து இடமாக வருகின்றன. ஆளாளுக்கு மேடை நாடகம் போல மார்பு விடைத்துப் பேசுகிறார்கள். திப்பு தப்பே செய்யாத மனிதராக வருகிறார். மைசூர்ப் பக்கம் மேல்கோட்டையில் மாண்டயம் ஐயங்கார்களைக் கேட்டால் வேறு கதை. திப்புவின் படை தங்கள் முன்னோர்களைக் கொன்ற நாள் என்று சொல்லித் தீபாவளி கொண்டாடாத குடும்பங்கள் அங்கே உண்டு. குடகிலும் மலபாரிலும் கோபம் இன்னும் ஆறவில்லை. அதே திப்பு, 1791ல் மராட்டியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்கு உதவி அனுப்பிக் கடிதமும் எழுதியவர். இரண்டும் ஒரே ஆள் என்பதைத் தாங்குகிற தொடர் அன்றைக்கும் வரவில்லை, இப்போது எடுத்தால் நிச்சயம் வராது. கர்நாடகத்தில் 2015ல் அரசு விழாவாகத் தொடங்கிய திப்பு ஜெயந்தி 2019ல் ஆட்சி மாறியதும் நின்றது.

இவனுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று இருந்தது. இப்போது வசனம் புரிந்தது. பையன்களை அனுப்பும் காட்சியைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். போர்வைக்குள் அழச் சொல்லும் வசனம் அதில் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பார்த்தான். எங்கேயும் இல்லை. வயலில் சேறும் இல்லை. முப்பது வருஷமாக மனசில் வைத்திருந்த திப்புவில் பாதி, தெருமுனை வீட்டில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டி அந்தந்த நிமிஷத்தில் சொல்லிச் சேர்த்தது. சஞ்சய் கான் எடுத்தது சுமார்தான். நன்னிமா எடுத்தது எங்கேயும் பதிவாகவில்லை.

தேடிக்கொண்டே போகையில்தான் அந்த இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. 1989 பிப்ரவரி 8. மைசூர் பிரீமியர் ஸ்டுடியோ. இதே தொடரின் படப்பிடிப்பில் தீ. 62 பேர் இறந்தார்கள். சஞ்சய் கானுக்கு உடம்பில் பாதிக்கும் மேல் தீக்காயம், 13 மாதம் ஆஸ்பத்திரி, 72 அறுவை சிகிச்சை. அவர் படுத்திருந்தபோது தம்பி அக்பர் கான் இயக்கத்தைப் பார்த்துக்கொண்டார். ஒரு வருஷமும் சில நாளும் கழித்து முதல் பகுதி ஒளிபரப்பானது.

காரணம் என்று சொல்லப்பட்டவற்றை அவன் இரண்டு தடவை படித்தான். சரியாகப் பொருத்தாத வயர். காற்றுப் போக வழி இல்லை. சுவர் முழுக்கச் சாக்கு. பெரிய பெரிய லைட்டுகளின் சூடு.

இதை வாசிக்கிறவர்கள் ஒரு வாக்கியமாகப் படித்துவிட்டுப் போய்விடலாம். லைட் கட்டுகிறவனால் முடியாது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பழைய ஸ்டுடியோச் சுவர்களில் சாக்கு அடிப்பது வழக்கம். சாக்கு எப்படிப் பற்றும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு ஆயிரம் வாட் ஹாலஜனுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றாலே முகம் காயும். அப்படிப்பட்ட லைட்டுகள் வரிசையாக, மூடின கூடத்துக்குள், ஜரிகை உடுப்பும் ஒட்டுத் தாடியுமாக ஒரு கூட்டம். ஷாட் முடியும்வரை கதவைத் திறக்கக்கூடாது. யாரோ ஒரு லைட்மேன் அந்த ஜாயின்ட்டைக் காலையில் பார்த்திருப்பான், அல்லது அவசரத்தில் பார்க்காமல் விட்டிருப்பான். முதலாளி அவசரப்படுத்தாத நாள் என்று ஒன்று இந்தத் தொழிலில் உண்டா என்ன.

இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெயர் போட்டுக் காட்டப்படுகிற நடிகர்கள் அல்ல. கூட்டமாக நிற்கிறவர்கள், செட் போடுகிறவர்கள். தினக்கூலி.

அன்று மாலை அவன் ஆறு மாதமாகத் திறக்காத குடோனைத் திறந்து, கட்டி வைத்திருந்த கேபிளையெல்லாம் பிரித்துத் தரையில் போட்டு ராத்திரி வரை கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் ஒரு கல்யாணமும் இல்லாத மாதம் அது.

2023 மே மாதம் லண்டன் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் ஒன்று ஒரு கோடியே நாற்பது லட்சம் பவுண்டுக்குப் போனது. நம் பணத்தில் நூற்று நாற்பது கோடிக்கு மேல். செய்தி வந்த அன்று அவன் மகள் கேட்டாள், அந்த வாள் பற்றி ஏதோ சீரியல் பார்ப்பாயாமே, போடு என்று. அவளுக்கும் ஒன்பது வயது. இங்கிலீஷ் நன்றாகப் படிப்பாள். முதல் பகுதியின் தொடக்கத்தில் அந்த அறிவிப்பு வந்ததும் படித்துவிட்டுச் சொன்னாள், "இது நிஜமில்லன்னு போட்டிருக்குப்பா."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நடுநடுவே புரியாத இடத்தில் மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். உள்ளதை உள்ளபடிதான் சொன்னான், ஓரிரு இடம் தவிர. ஒரு தர்பார் காட்சி வந்தபோது விரலை வைத்து நிறுத்தினான். நடுவில் அரியணை. பின்னால் ஈட்டி பிடித்துக்கொண்டு, இரண்டு வரிசையாக, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் நிற்கிறவர்கள். படம் தெளிவாக இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கினான். முதல் வரிசையில் ஒரு இளைஞன் கேமராவைப் பார்த்துவிட்டு, பார்க்கக்கூடாது என்று ஞாபகம் வந்தவன் போலக் கண்ணைத் திருப்பிக்கொள்கிறான். இவர்களில் யார் யார் அந்த பிப்ரவரிக்கு முன்னால் நின்றவர்கள், யார் பின்னால் வந்து நின்றவர்கள்?

"அப்பா, திப்புவக் காட்டு."

"இரு."

ஒவ்வொரு முகமாக நகர்த்திக்கொண்டு போனான். இடது ஓரம் வரை போய்விட்டுத்தான் ஓடவிட்டான்.